பன்னிரண்டு கிலோ மணல்

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. காலை 4.45-க்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் பல் துலக்கி, வாசலில் கொட்டிக் கிடந்த வேப்பம்பூவைப் பெருக்கினேன். மனைவி நான்கு இட்லி வைத்தாள். மூன்று சாப்பிட்டேன். 6.35-க்கு வண்டியை எடுத்து 6.50-க்கு ஆலையில் இருந்தேன்.

பாகூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் எடை போடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதுதான். வருகிற மூட்டைகளில் கைவிட்டுப் பார்ப்பேன். பிறகு ஈரம் பார்க்கும் மெஷினில் ஒரு பிடி போட்டு, ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்று சீட்டில் எழுதுவேன். கை சொல்வதும் மெஷின் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்று முதலில் வந்தது சோரியாங்குப்பத்து டிராக்டர். மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தேன். கொண்டுவந்தவர் சண்டைக்கு வந்தார்.

"ரெண்டு நாளு ரோட்டுல காயப்போட்ட நெல்லு சார் இது."

"இன்னும் ரெண்டு நாள் கெடந்தா ரெண்டு கிலோ தன்னால போயிடும். தண்ணிய நிறுத்து வாங்க முடியுமா?"

"உன் கையில இன்னா கண்ணா இருக்குது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

11.10-க்கு என் மகள் போன் செய்தாள். அவள் அப்போது மலையில் இருக்க வேண்டியவள். பத்து நாள் பயிற்சி முகாமுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வழியனுப்பியிருந்தோம். பின்னால் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"சேலத்துல இருக்கேன்பா. நாலரைக்கு வில்லியனூர் வந்துடுவேன். வந்து கூட்டிக்கினு போ."

"இன்னா ஆச்சி?"

"பாஸ் ஆவல."

வைத்துவிட்டாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுதாமல் விடக் கூடாது. பிள்ளை பத்திரமாக வீடு திரும்புகிறாள் என்கிற நிம்மதி, ஐந்தாறு நொடி இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் மணல் மூட்டை ஞாபகத்துக்கு வந்தது. கையில் இருந்த சீட்டில் எடையை மாற்றி எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு எழுத வேண்டியதாயிற்று.

மகளுக்கு இருபத்தொரு வயது. பட்டப்படிப்பு முடிந்ததும் பேங்க் பரீட்சைக்குப் படிப்பாள் என்று இருந்தோம். கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு இரண்டு முறை மலை ஏறிவிட்டு வந்தவள், மலைக்குக் கூட்டிப் போகும் வழிகாட்டியாகத்தான் வேலை செய்வேன் என்று பிடிவாதமாக நின்றாள். அதற்கு அந்தப் பத்து நாள் முகாமை முடிக்க வேண்டும். முடிப்பவர்களை வரும் சீசனிலேயே உதவி வழிகாட்டியாக எடுத்துக்கொள்வார்கள். முகாமின் இரண்டாம் நாளே ஒரு சோதனை உண்டு. முதுகில் பன்னிரண்டு கிலோ பையோடு பத்து கிலோமீட்டர் மலைப்பாதையை மூன்று மணி நேரத்தில் ஏறி முடிக்க வேண்டும். முடியாதவர்கள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். மறுபடி அடுத்த வருடம்தான்.

சொந்த எடையில் கால் பங்குக்கு மேல் ஒருவர் முதுகில் ஏற்றக் கூடாது என்று அவர்கள் அனுப்பிய தாளில் போட்டிருந்தது. மகள் நாற்பத்தெட்டு கிலோ. சரியாகக் கால் பங்கு. ஒரு கிராம்கூட மிச்சம் இல்லாத கணக்கு. அதனாலேயே பழகும்போது எடை சரியாக இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் கொம்யூனில், சுற்றியுள்ள எந்த ஊரிலும், மலை கிடையாது. மேடு என்றால் ஏரிக்கரைதான். ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை பழக ஆரம்பித்தோம். வீட்டிலிருந்து பாகூர் ஏரிக்கரை, அங்கிருந்து சோரியாங்குப்பம் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினால் ஒன்பது கிலோமீட்டர். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஏரிக்கரையின் சரிவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஈடுகட்டுவாள். ஞாயிறு, புதன், சனி காலை நான்கு மணிக்குக் கிளம்புவோம். அவள் நடப்பாள். நான் சைக்கிளில் பின்னால் போய் நேரம் குறிப்பேன்.

பாரத்துக்கு மணல் நல்லது என்று தேர்ந்தெடுத்ததும் நான்தான். அரிசி வைத்தால் எலி வரும், செங்கல் முதுகில் குத்தும். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த குவியலில், கேட்டுக்கொண்டு, அடிப்பக்கமாக அள்ளினேன். பொங்கலுக்கு முன்னால் பெய்த மழையில் ஊறிய மணல். அள்ளும்போது கையில் ஒட்டியது. யூரியா சாக்கில் போட்டு, கொக்கித் தராசில் மாட்டி, ஒரு பிடி போட்டும் எடுத்தும் 12.000 என்று காட்டும்வரை விடவில்லை. சணலால் வாயைக் கட்டி அவள் பைக்குள் இறக்கினேன். டைரியில் தேதி, எடை, நேரம் என்று மூன்று கட்டம் போட்டேன். முதல் நாள்: 12 கிலோ, 2 மணி 26 நிமிடம்.

அன்று வந்து உட்கார்ந்தவளின் இரண்டு தோளும் கன்றிச் சிவந்திருந்தன. மனைவி கல்யாணத்துக்கு முன்னால் நடவுக்குப் போனவள். நாற்றுக் கட்டு சுமந்து பழக்கம். ஒரு பழைய துண்டை முறுக்கிச் சும்மாடு மாதிரி சுருட்டி, பை வாருக்கு அடியில் வைத்துக் கட்டினாள்.

"நாங்க தலையில வெச்சோம், நீ தோளுல வெய்யி. அவ்ளோதான் வித்தியாசம். உங்கப்பா டைரில இதையும் எழுதிக்கச் சொல்லு."

"எத்தினி கிராம்னு கேப்பாரும்மா."

ஆலையில் மூட்டை தூக்குபவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எனக்கும் ஆறு வயது பெரியவர். ஏரிக்கரையில் எங்களைப் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா சார், பொண்ணுக்கு நம்ம தொழில கத்துக் குடுக்கிறியாமே. சொல்லி வையி, எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சி, எடம் காலியாத்தான் கெடக்குது."

சிரிப்பு அடங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாரம் இடுப்பில் தொங்கக் கூடாது, முதுகோடு ஒட்டி மேலே உட்கார வேண்டும் என்றார். பைக்கு அடியில் போர்வையை வைத்து மேலே மணலை ஏற்றினோம். அன்றைக்கு மூன்று நிமிடம் குறைந்தது.

அதற்குப் பிறகு நேரம் குறைந்துகொண்டே வந்தது. பிப்ரவரி கடைசியில் 2 மணி 14 நிமிடம். மார்ச் நடுவில் 2 மணி 8. கால் உரமேறிவிட்டது என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்கள் ஒரே திசையில் போவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு நாளும் அவள் தவறவிடவில்லை. காய்ச்சலாக இருந்த புதன்கிழமைகூட நடந்தாள்.

மார்ச் 30, சனிக்கிழமை. காலை 2 மணி 3 நிமிடத்தில் வந்துவிட்டாள். குளிக்கப் போனதும், பை வாரில் தையல் விட்டிருந்ததைத் தைக்க எடுத்தேன். சாக்கை வெளியே இழுத்தபோது கை சொல்லிவிட்டது. கொக்கித் தராசில் மாட்டினேன். 9.850. சாக்கில் ஓட்டை இல்லை, பைக்குள் ஒரு மணல் துகள்கூடச் சிந்தியிருக்கவில்லை. ஈரம்தான் போயிருந்தது. மாசி, பங்குனி வெயிலில் பின்கட்டு ஆணியில் பையை மாட்டி வைத்தது நான். தினமும் ஊராருக்கு ஈரம் கழிக்கிறவன், என் வீட்டு மணலை ஒரே ஒரு தடவை நிறுத்துவிட்டு, பத்து வாரமாகப் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். தொட்டி ஐந்தடி தூரத்தில் இருந்தது.

வாரைத் தைத்தேன். சாக்கைத் திரும்ப உள்ளே வைத்து ஆணியில் மாட்டினேன். டைரியில் எழுதினேன்: 12 கிலோ, 2 மணி 3 நிமிடம்.

ஏன் சொல்லவில்லை என்று அன்றே எனக்கு ஒரு காரணம் இருந்தது. சோதனைக்கு நான்கு வாரம்கூட இல்லை. இப்போது எடையைச் சரிசெய்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் மனம் விட்டுவிடுவாள். தைரியம் இருந்தால் இரண்டு கிலோ ஒரு பெரிய விஷயமா? இதுதான் காரணம் என்று அன்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. அவள் தேறாமல் போனால் வீட்டில் இருப்பாள், பரீட்சைக்குப் படிப்பாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். இதை நான் ஒரு தடவைகூட முழு வாக்கியமாக நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஆணியிலிருந்து பையை எடுத்துக் கொடுக்கும்போதும் அது எங்கேயோ இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை 1 மணி 58 நிமிடத்தில் வந்தாள். கீழே உட்காராமல் நின்றபடியே மோர் குடித்தாள். "இன்னும் ஒரு ரவுண்டு போலாமாப்பா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மாலை மணலை எடுத்துவிட்டு உண்மையான சாமான்களை அடுக்கினோம். நான் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினேன். தூங்கும் பை 1.350. மழைக்கோட்டு 0.420. துணி, தட்டு, டார்ச், மருந்து. எல்லாம் சேர்ந்து ஒன்பதரைக்குள் இருக்க வேண்டும். மீதிக்கு அங்கே கயிறு, அரிசி, பாத்திரம் என்று பொதுச் சாமான் பிரித்துத் தருவார்கள். தடித்த தேங்காய்ப்பூத் துண்டை வெளியே எடுத்து ஈரிழைத் துண்டு வைத்தாள், நூற்றுத்தொண்ணூறு கிராம் மிச்சம். சோப்பைப் பாதியாக வெட்டினாள். மனைவி ஒரு டப்பா முறுக்கை நீட்டினாள். அறுநூறு கிராம் இருந்தது.

"ம்மா, அறுநூறு கிராமுக்கு எனக்கு ஒரு செட்டு துணி வரும்."

"பசிச்சா துணிய கடிச்சித் தின்னுவியா?"

"நூறு கிராம் வெய்யி, போதும்."

"நூறு கிராம்னா மூணு முறுக்குடி. மூணு முறுக்கு குடுத்து அனுப்பிச்சேன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க."

ஐந்தாக முடிந்தது. 165 கிராம். மொத்தம் 9.480. கிராம் கிராமாக நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சுவர் ஓரமாக, மணல் சாக்கு கிடந்தது.

அவள் போன மறுநாள், பின்கட்டைக் கழுவுவதற்காக மனைவி அதைத் தூக்கி நகர்த்தினாள். நகர்த்தியவள் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது, இவ்ளோ லேசா இருக்குது?"

"காஞ்சிருக்கும்."

"எப்ப காஞ்சிது?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். சாக்கை வைத்துவிட்டு, தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஆலையில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வில்லியனூரில் பஸ் 4.40-க்கு வந்தது. அவள் படியில் இறங்கும்போது இடது காலை ஊன்றாமல் இறங்கினாள். பையை வாங்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றாள். வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் பை உட்கார்ந்தது.

வீட்டில் மனைவி சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். தோசை ஊற்றினாள். இரண்டாவது தோசையில் மகள் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"பதினோரு நிமிஷம்பா. மூணு மணி பதினோரு நிமிஷம் ஆயிடிச்சி. கடைசி வளைவுல காலு புடிச்சிக்கிச்சி, ஒரு இடத்துல உக்காந்தே நகந்தேன்."

"எத்தினி பேரு போனாங்க?"

"பதினாலு பேரு. திரும்ப அனுப்பிச்சது ரெண்டு பேரு. இன்னொரு பொண்ணுக்கு ஜொரம்." தோசையைப் பிய்த்து அப்படியே வைத்தாள். "நடந்தது கூட பரவாயில்லப்பா. பைய மாட்டும்போதே எனக்குத் தெரிஞ்சிது, இது பன்னெண்டு இல்லன்னு. சொன்னேன். பயிற்சி குடுக்கற சாரு திரும்ப தராசுல மாட்டிக் காட்டினாரு. பன்னெண்டுதான் காட்டிச்சி. அப்ப உங்க தராசுதான் தப்புன்னேன்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"எங்கப்பா பத்தொம்போது வருஷமா எடை போடறாரு, எனக்குப் பன்னெண்டு கிலோ இன்னான்னு தெரியும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தி, 'அப்ப உங்கப்பாவையும் மூட்டை கட்டிக் கூட்டினு வந்திருக்கலாமே'ன்னா. எனக்கு ஆத்திரம். போய்க் காட்டறேன்னு மொத நாலு கிலோமீட்டரு ஏரிக்கரையில போற மாதிரியே போயிட்டேன். அதான் காலு போச்சி."

மனைவி அடுப்பை அணைத்தாள். துணி எடுக்க வேண்டும் என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். அன்று அவள் துணி துவைக்கவில்லை.

"அவங்க தராசு சரிதான்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம மணலு காஞ்சிபோச்சி. ஒம்போது எண்ணூத்தி அம்பதுதான் இருந்துது."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. முகத்தில் அது வந்து சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நிறுத்துப் பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி விட்டிருந்தாள்.

"மார்ச் முப்பதாம் தேதி."

"அதுக்கப்புறம் எத்தினி வாட்டி நடந்தோம்?"

"பத்து."

"பத்து வாட்டியும் இன்னா எழுதின?"

"பன்னெண்டு."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த தோசைத் துணுக்கை விரலால் நடுவுக்குத் தள்ளினாள்.

"ஏம்பா?"

"நேரம் கூடினா உனக்கு மனசு வுட்டுப்போயிடும்னு."

"அவ்ளோதானா?"

இரண்டாவது காரணம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், நான் அதையும் சொல்லிவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். கை துடைத்துக்கொண்டே, வேறு யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்.

"கெளம்பும்போது அந்த சாருகிட்ட, ஊருக்குப் போயி எங்கப்பா தராசுல நிறுத்துப் பாத்துட்டு போன் பண்றேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் எப்பிடிப் பண்றது? நம்பர் தரேன், நீயே பேசு."

போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். பையை வாசலருகிலேயே விட்டுவிட்டாள். நான் அதைப் பிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் டைரியை எடுத்தேன். மார்ச் 30-ஆம் தேதியும் அதற்குப் பிந்தின பத்து நாட்களும், ஆகப் பதினொரு இடத்தில் பன்னிரண்டை அடித்துவிட்டு 9.850 என்று எழுதினேன். கடைசி நாட்களில் அதைவிடவும் குறைந்திருக்கக்கூடும். முதல் நாள் எழுதியது சரி. நடுவில் இருபத்தெட்டு நாட்கள். எந்த நாளில் எவ்வளவு ஈரம் போயிருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவற்றை அடிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. எடைக் கட்டத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த நேரங்கள் எல்லாம் அவள் நடந்தவை. அவற்றின் மேல் கை வைக்கவில்லை.

மனைவி விளக்கைப் போட வந்தாள். நான் எழுதுவதைப் பார்த்தாள்.

"அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"எடைய சொல்லிட்டேன்."

"எடைய" என்றாள். விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள், 28-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் போடுவதற்கு முன்னால், ஆறு மணி ஆகும்வரை காத்திருந்து, முதல் வேலையாக அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இன்னாருடைய அப்பா பேசுகிறேன், உங்கள் தராசு சரி, என் எடைதான் தவறு, அது எனக்கு முன்பே தெரியும், அவளுக்குத் தெரியாது என்று, எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னேன். மறுமுனையில் யாரோ பைகளை வரிசையாக வைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. "சரிங்க சார், நான் உங்க பொண்ணுகிட்ட பேசறேன்" என்றார் அவர். அடுத்த வருடச் சோதனைக்கு எப்போது பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சொன்னார். அவள் எழுதி வைத்திருந்த துண்டுத் தாளிலேயே அதைக் குறித்து, அவள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.